இடது பக்கத்தில் என்ன எழுதுவது

1961 மே மாதம், கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் சேனாதிபதி வீட்டுக்கு அடுத்த வீட்டை ஒரு மெட்ராஸ் படக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. ‘கதை குழு. உள்ளே வேலை நடக்கிறது. சத்தம் போடாதீர்கள்.’ அட்டை தொங்கி ஒரு வாரம் ஆனபின் ஒருநாள் காலை, டைரக்டர் குருநாதன் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தவன் அதைப் பார்த்து நின்றுவிட்டான். கதைக்கும் குழுவுக்கும் நடுவில் ஒரு ‘க்’ ஏறியிருந்தது. அடுப்புக் கரியால் எழுதியதுதான். ஆனாலும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

குருநாதனுக்கு வயது இருபத்தெட்டு. இது முதல் படம். கதை கையில் இருந்தது. மலைக் கிராமத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் மனைவிமார் இருவருக்கும், அதாவது ஓரகத்திகளுக்கு, ஆகாது. ஒருத்தியின் ஆடு இன்னொருத்தியின் அவரைக்கொடியைத் தின்றதில் சண்டை தொடங்கி, வீடு இரண்டாகி, கடைசியில் ஒன்றாகிறது. வசனம்தான் இல்லை. வசனம் எழுத வந்தவர் நாலாம் நாளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். குளிரில் கை விறைக்கிறது, மன்னிக்கவும் என்று மேஜை மேல் ஒரு சீட்டு இருந்தது. ஆகவே குழு என்பது இப்போது குருநாதன் ஒருவன்தான். அந்தத் தனிமையில், இப்படி ஒரு ‘க்’ போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

வாசலில் நாற்காலி போட்டு, கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“அழிச்சுட்டீங்களா?” என்று அவளே கேட்டாள்.

“இல்லைங்க. யார் போட்டதுன்னு பாக்க வந்தேன்.”

“நான்தான். சாயங்கால பஸ்ஸுல வந்தேன். வந்ததும் கண்ணுல பட்டுச்சு. ராத்திரி பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

அவள் சேனாதிபதியின் அக்கா விசாலாட்சி. பழனியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வாள். கோடை விடுமுறைக்கு வத்தலக்குண்டு சுற்றி மலையேறி, தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்குவது வழக்கம். பள்ளி ஆண்டு விழாவுக்கெல்லாம் அவள்தான் நாடகம் எழுதுவாள். போன வருஷ நாடகம் நான்கு மணி நேரம் ஓடியது. தலைமை தாங்க வந்த அதிகாரி மூன்றாவது மணியில் எழுந்து போய் ஜீப்பில் படுத்துக்கொண்டார்.

சேனாதிபதியின் மனைவி லீலா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள். உள்ளே போய் அடுப்பிடம், “வந்த மறுநாளே ஊர்ச் சோலி ஆரம்பிச்சாச்சு. இனி அடுத்த வீட்டுக்கும் சேத்து உலை வைக்கணும் போல” என்றாள். லீலாவுக்குத் தனக்குத் தானே பேசும் பழக்கம் உண்டு என்று விசாலாட்சி பதினொரு வருஷமாக நம்பியிருந்தாள். பாவம், தனியாகக் கிடக்கிறாள் என்றுகூட நினைப்பாள்.

குருநாதன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, “டீச்சர், எங்க படத்துக்கு வசனம் எழுதித் தருவீங்களா?” என்று கேட்டான்.

இப்படி ஒரு கேள்வியைப் பழனியில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. மூன்றே நாளில் அறுபது பக்கம் எழுதிவிட்டாள்.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றான் குருநாதன். மூத்த ஓரகத்தி அவன், இளையவள் சேனாதிபதி. வனத்துறை ஆபீஸில் கிளார்க்கான சேனாதிபதிக்கு அக்கா சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை.

“அன்புடன் நான் வளர்த்த அவரைக்கொடியை அடியோடு மேய்ந்த உன் ஆட்டின் அடாத செயலை நான் எங்ஙனம் பொறுப்பேன்?” என்று குருநாதன் படித்தான்.

“வாயில்லாப் பிராணியின்மீது வஞ்சம் தீர்க்க வந்தனையோ?” என்று சேனாதிபதி படித்தான். பிறகு தாளை இறக்கி, “அக்கா, எனக்குக் கோவமே வரலையே. சர்க்குலர் வாசிக்கிற மாதிரில்ல இருக்கு” என்றான்.

உள்ளே ஒரு கரண்டி கீழே விழுந்தது. லீலா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

குருநாதன் தாளை மேஜைமேல் பரப்பினான். சினிமாவுக்கு எழுதும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பார்கள். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது. விசாலாட்சியின் அறுபது பக்கத்திலும் வலது பக்கம் ஓரம்வரை நிரம்பி வழிந்தது. இடது பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“இங்க என்ன எழுதணும் தம்பி?”

“அவங்க என்ன செய்றாங்கன்னு எழுதணும் டீச்சர்.”

“பேசுறாங்க.”

“பேசுறப்போ கை என்ன செய்யுது?”

விசாலாட்சி யோசித்தாள். அவள் நாடகங்களில் கைகள் ஒன்று மார்பில் இருக்கும், அல்லது வானத்தைக் காட்டும். அவரைக்கொடி போனவளின் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை. “தெரியலையே” என்றாள். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

“சண்டை போடுறவங்களைப் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றான் குருநாதன்.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தை. விசாலாட்சி வெள்ளனே கிளம்பி, குடை, கண்ணாடி, நீள நோட்டு சகிதம் போய் நின்றாள். அவள் நின்ற இடமெல்லாம் அமைதி பரவியது. எடைக்கல் சோதிக்க ஆள் வந்திருக்கிறது என்று சந்தை முழுக்கச் சேதி போய்விட்டது. உருளைக்கிழங்குக்காரர் தராசுத் தட்டு தரையில் இடிக்குமளவு நிறுத்தார். ஒரு கேரட்டுக்காரி கும்பிட்டாள். இரண்டு மணி நேரத்தில் பை நிறையக் காய்கறி சேர்ந்தது. ஒரு சண்டைகூடக் கிடைக்கவில்லை.

எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் பஷீர் அகமது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். “டீச்சரம்மா என்ன தேடுறீங்க?”

அவள் சொன்னாள்.

“சண்டையா? அதுக்கு எங்கேயும் போக வேணாம். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நோட்டையும் குடையையும் உள்ள வைங்க. கண்ணாடியையும் கழட்டிட்டா நல்லது.”

“கண்ணாடி இல்லாட்டி தெரியாதே.”

“கேக்கத்தானே வந்தீங்க?”

“இடது பக்கத்துக்குப் பாக்கணும்” என்றாள் விசாலாட்சி. பஷீருக்குப் புரியவில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அனுமதி கொடுத்தார்.

கடைக்கு நேர் முன்னால் பள்ளங்கியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்துச் சாக்கு விரித்துப் பூண்டு கொட்டியிருந்தார்கள். வீரம்மாள், கந்தம்மாள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். “பதினஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம நடக்குது. நானே ஒரு வாரமும் விட்டதில்லை” என்றார் பஷீர்.

ஒரு அம்மாள் குனிந்து கந்தம்மாளின் பூண்டை எடுத்துப் பார்த்தாள். வீரம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் பூண்டிடம் சொன்னாள்: “நீ பாட்டுக்குக் கெட. காயாம ஈரத்தோட வெரசா அள்ளிக்கிட்டு வந்தாத்தான் இந்தக் காலத்துல வாங்குறாக.”

கந்தம்மாள் வாங்க வந்த அம்மாளிடம் சொன்னாள்: “நல்லா அமுக்கிப் பாருங்கம்மா. மேல வெள்ளையா மினுக்கிக்கிட்டு உள்ள சொத்தையா இருக்குறதெல்லாம் நமக்கு வராது. அதுக்கு ஆளு வேற.”

அந்நேரம் ஒரு பொதிக் கழுதை வந்தது. வீரம்மாள் அதனிடம் சொன்னாள்: “ஏலே, நீ போ. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. சொன்னா இங்க சில பேருக்கு ரோசம் வந்துரும்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் பெயரை ஒருவர் சொல்லவில்லை. ஆனால் கைகள் சும்மா இல்லை. வீரம்மாள் பூண்டைத் தேய்த்துத் தோலை ஊதினாள். தோல் அத்தனையும் பறந்து கந்தம்மாளின் குவியலில் இறங்கியது. கந்தம்மாள் ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டிவிடுகிற சாக்கில் தன் சாக்கின் ஓரத்தை ஒரு விரற்கடை நகர்த்தினாள். மத்தியானத்துக்குள் அவள் சாக்கு ஒரு சாண் முன்னேறியிருந்தது.

விசாலாட்சி எழுதிக்கொள்ள நோட்டைத் தேடினாள். நோட்டு உள்ளே இருந்தது. ஆனால் ஆயிரம் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவள் அவள். சண்டையை நான்கு நான்கு வரியாகப் பிரித்து, முதல் சீர் அடுத்த சீர் என்று அடுக்கி, நெட்டுருப் போட்டாள். வீடுவரை குடைக்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். எதிரில் வந்த கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் ஜெபம் என்று நினைத்து வழிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கழுதை உட்பட எல்லாரையும் ஒப்பித்துக் காட்டினாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. எழுதிக் கொடுத்த தாளில் இடது பக்கம் பூண்டுத் தோல் பறந்தது. குருநாதன் இரண்டு தடவை படித்தான்.

“இதை எப்படி எழுதினீங்க டீச்சர்?”

“எழுதலை தம்பி. கேட்டேன்.”

“மிச்சத்தையும் கேட்டே எழுதிருங்க.”

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காட்சிகள் மளமளவென்று நிரம்பின. ஆனால் மனசு உறுத்தியது. கேட்காமல் எடுப்பது பிறர் பொருள் அல்லவா என்று தோன்றி, வீரம்மாளிடமே போய் விஷயத்தைச் சொன்னாள்.

“பேசுறதுக்கு யாரு டீச்சரம்மா உத்தரவு கேப்பாக. எழுதிக்கோங்க. ஆனா அவ அதுல வரக்கூடாது.”

“அவங்க இல்லாம எப்படிச் சண்டை வரும்?”

வீரம்மாள் ஒரு பூண்டை உரித்து முடிக்கும்வரை யோசித்தாள். “சரி, வரட்டும். ஆனா நான்தான் செயிக்கணும்.”

பத்து நிமிஷத்தில் கந்தம்மாள் பஷீர் கடைக்கு வந்தாள். “அவளுக்கு எத்தன பேச்சோ, எனக்கும் அத்தன வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் எப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் கேட்க, விசாலாட்சி தன் பழைய வசனத்தைச் சொல்லிக் காட்டியதுதான் தப்பாகப் போயிற்று.

நாலாவது ஞாயிறு இருவரும் புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள். பூண்டைப் பார்க்கவில்லை, கழுதையைப் பார்க்கவில்லை. இருவரும் ஸ்டூலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, எழுதுகிறவளுக்குச் சிரமம் வரக்கூடாதென்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சண்டை போட்டார்கள்.

“இவ பேச்ச நான் எங்ஙனம் பொறுப்பேன்?” என்றாள் வீரம்மாள்.

“நீங்க சொல்லுங்க டீச்சரம்மா, நான் வந்தனையோ?” என்றாள் கந்தம்மாள்.

பஷீர் அகமது கணக்கு நோட்டை மூடிவிட்டு, “நல்ல சண்டை. கெடுத்துட்டீங்களே டீச்சரம்மா” என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

இந்த நிலைமையில் ஒரே ஒரு காட்சி பாக்கி நின்றது. கடைசிக் காட்சி. ஓரகத்திகள் சமாதானமாக வேண்டும். குருநாதன் வியாழக்கிழமை மெட்ராஸ் போக வேண்டும். விசாலாட்சி வீரம்மாளிடமே கேட்டுப் பார்த்தாள். “சமாதானமா? நாங்க எதுக்கு ஆகணும்?” என்றாள் வீரம்மாள். மாதிரி கிடைக்காமல், விசாலாட்சி தானாகவே எட்டுப் பக்கம் எழுதினாள். அதில் மூத்தவள் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் குருநாதன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

“எட்டுப் பக்கம் சமாதானம் பேசினா நடுவுல இன்னொரு சண்டை வந்துரும் டீச்சர்” என்றான் விழித்ததும்.

புதன்கிழமை காலை மஞ்சு இறங்கி வாசல் தெரியாமல் இருந்தது. முன்னறையில் குளிர் தாங்காமல் விசாலாட்சி சமையலறைக்கு வந்து மணையில் உட்கார்ந்தாள். லீலா முறத்தை முன்னால் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் பார்த்துச் சொன்னாள்: “ஊர்ல யார் சண்ட போட்டாலும் போய்க் கேக்கக் காது இருக்கு. வீட்டுல பேசுறது மட்டும் அந்தக் காதுல விழுகாது.”

ஒரு மாதப் பழக்கம். விசாலாட்சியின் மனசு தானாக அதை நான்கு வரியாகப் பிரித்து நெட்டுருப் போட ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. முறத்திடம் யாரும் குறை சொல்வதில்லை. கழுதையிடமும் சொல்வதில்லை.

“லீலா, நீ என்கிட்டயா பேசுற?”

லீலாவின் கை நின்றது. “ஆமா மதினி.”

“எத்தன நாளா?”

“பதினொரு வருஷமா.”

மஞ்சு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்தது. “என்ன கோவம்?” என்று விசாலாட்சி கேட்டாள்.

லீலா இரண்டு பட்டாணிக் காயை உரித்தபின் சொன்னாள். கல்யாணமான முதல் வருஷம் அம்மா வீட்டிலிருந்து பழனிக்கு ஒரு கடுதாசி எழுதினாள். நாலு தாள். புது மருமகள் எழுதியது. மதினி அதைச் சிவப்பு மையால் திருத்தி, அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். “பதினேழு தப்பு. எண்ணிப் பாத்தேன். நலமான்னு நான் கேட்டதுக்குப் பதில் மட்டும் இல்ல.”

விசாலாட்சிக்கு அப்படி ஒரு கடுதாசியே ஞாபகமில்லை. அதுதான் அவளை ரொம்பச் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். நாக்கில் வந்து வரிசை கட்டி நின்றதெல்லாம் அந்த எட்டுப் பக்கத்தின் வார்த்தைகள். வாயை மூடிக்கொண்டாள். எழுந்து போய் அந்த எட்டுத் தாளையும் தன் சிவப்புப் பென்சிலையும் எடுத்துவந்து லீலாவின் முன்னால் வைத்தாள்.

“இது சரியா வரல. எங்க தப்புன்னு எனக்குத் தெரியல. நீ பாரு.”

லீலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள், உதடு அசைந்தது. விசாலாட்சிக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முறத்தைத் தன் பக்கம் இழுத்துப் பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை, பாதி தரையில் உருண்டது.

லீலா வலது பக்கத்தை மேலிருந்து கீழாக அடித்தாள். அடுத்த தாளையும் அடித்தாள். எட்டுத் தாளையும் அடித்து முடித்து, கடைசித் தாளின் இடது பக்கத்தில் ஒரு வரி எழுதித் திருப்பிக் காட்டினாள்.

‘மூத்தவள் வந்து உட்கார்ந்து பட்டாணி உறிக்கிறாள்.’

உரிக்கிறாளுக்கு வல்லின ‘ற’ போட்டிருந்தது. விசாலாட்சி அதைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். லீலா அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“சரியா இருக்கு” என்றாள் விசாலாட்சி. காது மடல் சிவந்துபோயிற்று. பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

குருநாதன் அந்த ஒற்றை வரிக் காட்சியைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தான். பஸ் ஏறும்போதுதான், “இதை மாத்த மாட்டேன் டீச்சர்” என்றான்.

படம் மறுவருஷம் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு வந்தது. காவடி இறக்கிவிட்டு வந்த கூட்டம் கொட்டகையை நிறைத்திருந்தது. லீலாவும் சேனாதிபதியும் மலையிறங்கி வந்தார்கள். வீரம்மாளும் கந்தம்மாளும் தனித்தனி பஸ்ஸில் வந்து, விசாலாட்சிக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சண்டைக் காட்சிக்கு விசில் பறந்தது. கழுதை வந்தபோது கொட்டகையே அதிர்ந்தது. “நான்தான் செயிச்சேன்” என்றாள் வீரம்மாள் வலது காதில். “பாத்தீங்களா, அவ வாயடச்சுப் போனா” என்றாள் கந்தம்மாள் இடது காதில்.

கடைசிக் காட்சி வந்தது. மூத்தவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். முறத்தை இழுத்தாள். ஒரு பட்டாணியை உரித்தாள். உடனே ஆறு நிமிஷ நீளத்துக்கு ஒரு பாட்டு. ஏரியில் படகு, படகில் கதாநாயகனும் கதாநாயகியும். பாட்டு முடிந்தபோது குடும்பம் ஒன்றாகிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது.

கொட்டகையை விட்டு எல்லாரும் வீட்டுக்கு நடந்தார்கள். லீலாதான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தாள், இந்தத் தடவை நேராக எல்லாரிடமும். “ஒரு பட்டாணி உரிச்சா சமாதானம் ஆயிருமா? முறம் பூரா உரிக்கணும். அந்தாளுக்கு அது தெரிய வேணாமா மதினி?”

மாசிக் கடைசியில் குருநாதனின் கடுதாசி அட்டுவம்பட்டிக்கு வந்தது. விநியோகஸ்தர்கள் பாட்டுக் கேட்டு ஒற்றைக் காலில் நின்றார்கள், தன்னால் முடியவில்லை, மன்னிக்க வேண்டும், அடுத்த படத்துக்கும் டீச்சர்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. லீலா பிரித்துப் படித்துவிட்டு, தன் கையாலேயே ஒரு பதிலும் எழுதி, இரண்டையும் சேர்த்துப் பழனிக்கு அனுப்பினாள். பாட்டு வைப்பதானால் சண்டைக்கு முன்னாலேயே வைத்துத் தொலைக்கவும் என்பது அதன் சாரம். விசாலாட்சி அதை ஒரு எழுத்தும் தொடாமல் ஒட்டி மெட்ராஸுக்குப் போட்டாள். கூடவே அந்தப் பழைய நாலு தாள் கடுதாசிக்குப் பதிலாக, லீலாவுக்கும் தனியே ஒரு கடுதாசி எழுதினாள். நான் நலம் என்று தொடங்கியது அது.

அந்த மே மாதம் விசாலாட்சியும் லீலாவும் அடுத்த கதைக்கு உட்கார்ந்தார்கள். கதாநாயகி நர்ஸா, வாத்தியாரம்மாவா என்பதிலேயே முதல் வாரம் போய்விட்டது. வாத்தியாரம்மாவை யாரும் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பது லீலாவின் கட்சி. பேச்சு ஏறிக்கொண்டே போக, சேனாதிபதி ஆபீஸில் வலியக் கேட்டு ஒரு டூர் வாங்கிக்கொண்டு, நாற்று நடுவதை மேற்பார்வை பார்க்கப் பூம்பாறைப் பக்கம் போய்விட்டான்.